இருந்தவரைக் 'கண்டுபிடித்த' கதை

(பொழிவின் எழுத்து வடிவம்)



ஊர்நடுவே ஒரு வீடு. வீட்டினுள் தாயும் தந்தையும் மக்களும் வாழ்கின்றனர். அடுப்பில் உலை கொதிக்கின்றது. திண்ணையில் கிழவர் ஒருவர் வெற்றிலை இடித்துக் கொண்டிருக்கின்றார். வழி தப்பி வந்த ஒருவன் கொல்லை வேலியைத் தாண்டி உள்ளே குதிக்கின்றான். குதித்த கையோடு, "இவ்வீட்டைக் கண்டுபிடித்தவன் யானே!" என்று கூவுகின்றான். அவன் கூவி முடிக்குமுன் இன்னொருவன் ஓடிவந்து, "இல்லையில்லை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே என் பாட்டன் இக்கிணற்றில் நீர் மொண்டு குடித்தான், கண்டுபிடித்தவன் அவனே!" என்கின்றான். மூன்றாமவன் எழுத்து வெட்டிய ஒரு கல்லைத் தூக்கி வருகின்றான். நான்காமவன் மடித்த தோலொன்றை விரித்துக் காட்டுகின்றான். நால்வரும் ஒருவர் குடுமியை ஒருவர் பற்றிக் கட்டிப் புரள்கின்றனர். திண்ணைக் கிழவரை மட்டும் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

இஃது ஏதோ குழந்தைகளுக்குச் சொல்லும் கதை என்று எண்ணிவிடல் வேண்டா. 'அமெரிக்கப் பெருநிலத்தை முதலில் கண்டுபிடித்தவர் யார்?' என்னும் பெயரால் ஐந்நூறு ஆண்டுகளாக நடந்துவரும் புதையல் வேட்டை இதுவே. பொன்னைத் தேடும் வேட்டையன்று. 'முதல்வர்' என்னும் பட்டத்தைத் தேடும் வேட்டை. அவ்வேட்டையில் நகைக்கத் தக்கவை மிகப் பல. நகைத்து முடித்தபின் நெஞ்சை அழுத்துவனவும் சில உள.

ஒரே கப்பற்கூட்டத்துள் தொடங்கிய வழக்கு

1492-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள், பொழுது புலராத வேளையில், 'பிந்தா' என்னும் கப்பலில் இருந்த உரொதிரிகோ தெ திரியானா என்னும் கடலோடி கரையைக் கண்டு கூவினான். முதலிற் கரை காண்பவனுக்கு ஆண்டுதோறும் 10,000 மரவேதிக் காசு வழங்கப்பெறும் என்று இசுபானிய அரசு அறிவித்திருந்தது. கூவியவனுக்கு அக்காசு கிட்டியதா? இல்லை. முன்னிரவிலேயே தொலைவில் ஒரு விளக்கொளியைத் தாம் கண்டுவிட்டதாகக் கூறிக் கொலம்பசே அப்பரிசைப் பெற்றுக்கொண்டார். 'முதலிற் கண்டவர் யார்?' என்னும் வழக்கு, கண்ட முதல் நாளிலேயே, அதுவும் ஒரே கூட்டத்தாருக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

கொலம்பசு தம்முடன் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் அழைத்துச் சென்றிருந்தார். இலூயி தெ தோரெசு என்பது அவர் பெயர். எபிரேயமும் அரபும் அறிந்தவர். கீழை நாடுகளுக்குப் போகின்றோம், அங்கே அரபு பயன்படும் என்பது கொலம்பசின் கணக்கு. கியூபாத் தீவின் உட்பகுதிக்கு அவரைத் தூது விடுத்தார். தைனோ மொழி பேசும் மக்கள்முன் நின்று, அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிராத மொழிகளில் ஒருவர் பேசும் காட்சியை நினைந்து பார்த்தல் வேண்டும். வந்தவர் பேச்சு அவர்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் வந்தவர்க்கு இருக்கை தந்து உணவும் அளித்தனர். அவர்கள் மொழியைக் கற்றுவர வேண்டும் என்னும் எண்ணம் வந்தவர்க்குத்தான் முதலில் எழவில்லை.

1494-ஆம் ஆண்டு நடந்தது இன்னும் வேடிக்கை. கியூபா ஒரு தீவு அன்று, ஆசியப் பெருநிலத்தின் ஓரமே என்று கொலம்பசு முடிவுகட்டினார். முடிவுகட்டியதோடு அமையாது, கப்பலில் இருந்தோர் அனைவரையும் ஆவண எழுத்தர் முன்னிலையில் சூளுரைக்கச் செய்தார். பின்னாளில் எவரேனும் மாற்றிச் சொன்னால் 10,000 மரவேதி ஒறுப்புத் தொகை. அதனோடு நாவையும் அறுத்தல்! நிலநூல் உண்மையை நாவறுப்பால் நிலைநாட்ட முயன்ற வேறொரு கடலோடியைக் காண்டல் அரிது. கியூபாவோ இச்சூளுரை எதனையும் பொருட்படுத்தாது இன்றளவும் தீவாகவே இருந்து வருகின்றது.

பெயர் போன வழி

வந்தவர் கொலம்பசு, பெயரோ வேறொருவர்க்குப் போயிற்று. 1507-ஆம் ஆண்டு, கடலையே எட்டாத சேண் தியே என்னும் உள்நாட்டூரில் இருந்த வால்த்சீமுல்லர், இரிங்மன் என்னும் இருவர் ஓர் உலகப் படம் வெளியிட்டனர். அமெரிகோ வெசுபுச்சி என்னும் இத்தாலியர் எழுதியனவாக வழங்கிய மடல்களைப் படித்து, அவர் பெயரால் அப்புதிய நிலத்திற்கு 'அமெரிக்கா' என்று பெயர் பொறித்தனர். ஆறாண்டு கழித்து, 1513-இல், வால்த்சீமுல்லர் வெளியிட்ட படத்தில் அப்பெயர் இல்லை. கொலம்பசே கண்டார் என்னும் குறிப்பு இருந்தது. ஆயினும் என்? ஊர்வாய்க்குள் புகுந்த பெயரை எழுதியவராலும் திருப்பி எடுக்க இயலவில்லை. 1507-இன் படத்தில் எஞ்சிய ஒரே படி 1901-இல் செருமானிய மாளிகையொன்றில் கிட்டியது. அதனை அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2003-இல் 1 கோடி தாலர் தந்து வாங்கிற்று. தவறாக இட்ட பெயருக்குத் தந்த விலை அது.

கொலம்பசின் எலும்புகளும் வேட்டைக்குத் தப்பவில்லை. 1506-இல் வல்லதோலிதில் மறைந்த அவர் உடல் செவில் நகருக்கும், அங்கிருந்து கடல்கடந்து சாந்தோ தொமிங்கோவுக்கும், 1795-இல் அவானாவுக்கும், 1898-இல் மீண்டும் செவிலுக்கும் கொண்டுசெல்லப்பட்டதாகக் கூறுவர். இடையே 1877-இல் சாந்தோ தொமிங்கோவில் அவர் பெயர் பொறித்த ஈயப்பேழை ஒன்று வெளிப்பட்டது. ஆகவே இரு நகரங்களில் இரு கல்லறைகள். இரண்டும் 'எங்களிடமே உள்ளார்' என்கின்றன. உயிரோடிருந்தபோது நான்கு முறை கடல் கடந்தவர், இறந்தபின்னும் ஓய்ந்தாரல்லர்.

பொய்த்த கல்

கொலம்பசின் பட்டத்தைப் பறிக்க எழுந்தோருள் வடபுலத்துக் கடலோடிகளாகிய வைக்கிங்கரின் வழிவந்தோர் முதன்மையானவர். 1898-இல் மின்னெசோட்டா மாநிலத்தில், கென்சிங்டன் என்னும் ஊரின் அருகே, சுவீடனிலிருந்து குடியேறிய உழவராகிய ஓலோப்பு ஓமன் தம் நிலத்தைத் திருத்தும்போது, மரவேர்களின் பிடியில் ஒரு கல்லைக் கண்டதாகக் கூறினார். ஏறத்தாழ 90 கிலோ எடை. அதன்மேல் 'உரூன்' என்னும் பழைய வடபுல எழுத்துகள். எண்மர் கோத்தியரும் இருபத்திருவர் நோர்வேயரும் மேற்கே வந்தனர் என்றும், தம்மவருட் பதின்மரைக் குருதி தோய்ந்து இறந்துகிடக்கக் கண்டனர் என்றும், ஆண்டு 1362 என்றும் அக்கல் கூறிற்று.

எத்துணைப் பெரும் புதையல்! ஆனால் அக்கல்லைக் காட்டிக் கொடுத்தது எது? தொல்பொருட் கருவியா, வேதியல் ஆய்வா? இவை எவையும் அல்ல. மொழிதான் காட்டிக் கொடுத்தது. அக்கல்லின் சொல் வடிவங்கள் 14-ஆம் நூற்றாண்டுக்கு உரியன அல்ல, 19-ஆம் நூற்றாண்டின் பேச்சுவழக்கை ஒட்டியவை என்று மொழியறிஞர் எடுத்துக் காட்டினர். குறிப்பாக, 'கண்டுபிடிப்புச் செலவு' என்னும் பொருளுடைய ஒரு தொடர் அதில் உள்ளது. அப்பொருளில் அச்சொல் அக்கால வடபுல எழுத்துகளில் வழங்கியதற்குச் சான்றில்லை. அது பிற்காலத்தே அண்டை மொழிவழிப் புகுந்தது என்றனர். கண்டுபிடிப்பைப் பறைசாற்ற வந்த கல்லை, 'கண்டுபிடிப்பு' என்னும் சொல்லே பொய்ச்சான்று என்று காட்டிக் கொடுத்துவிட்டது! ஒரு மொழியின் சொற்களுக்கு வயதுண்டு. எச்சொல் எந்நூற்றாண்டில் உள்ளே வந்தது என்று அறிந்தவனை எளிதில் ஏமாற்றவியலாது. சொல்லின் தூய்மையும் வரலாறும் ஆராய்வோரைப் 'பயனற்ற வேலை பார்ப்போர்' என்று எள்ளுவார் இக்கென்சிங்டன் கல்லை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

இருந்தும் அவ்வட்டாரத்தார் தளர்ந்தாரல்லர். 1964, 1965-ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கென 28 அடி உயர வைக்கிங்கன் உருவம் ஒன்று செய்யப்பெற்றது. பின்னர் அக்கல் இருக்கும் அலெக்சாந்திரியா நகரிலேயே அது நிறுத்தப்பட்டது. அவன் கைக் கேடயத்தில் உள்ள செய்தி: அமெரிக்கா பிறந்த இடம் அலெக்சாந்திரியாவே! கல் பொய்த்தால் என்ன, கேடயம் இருக்கின்றதன்றோ?

பொய்த்த தோல்

அடுத்தது 'வின்லாந்துப் படம்'. 1957-இல் வாணிகர் கைவழி வெளிப்பட்ட இத்தோற்படம் யேல் பல்கலைக்கழகத்தை அடைந்தது. 15-ஆம் நூற்றாண்டில் வரைந்தது என்று சொல்லப்பட்ட அதில், கிரீன்லாந்துக்கு மேற்கே 'வின்லாந்து' என்னும் நிலம் தீட்டப்பட்டிருந்தது. யேல் அதனை உலகுக்கு அறிவித்த நாள் எது தெரியுமா? 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 11. கொலம்பசு நாளுக்கு முந்திய நாள்! திருமணத்திற்கு முந்திய நாள் மணமகனுக்கு வேறொருத்தியோடு மணமாயிற்று என்று ஓலை வந்தாற்போல், இத்தாலிய வழிவந்த அமெரிக்கர் கொதித்தெழுந்தனர்.

1974-இல் மையை ஆராய்ந்தோர் அதில் தைத்தானியம் கலந்த வெண்ணிறமி உள்ளது என்றனர். அந்நிறமி 20-ஆம் நூற்றாண்டில் ஆலைகளிற் செய்யத் தொடங்கியது. வழக்கு மேலும் பல்லாண்டு இழுபட்டது. 2021-இல், படத்தின் கோடுகள் எங்கணும் அந்நிறமியே உள்ளது, படம் பொய்யே என்று யேல் பல்கலைக்கழகமே அறிவித்தது. கல்லைச் சொல் காட்டிக் கொடுத்தது; தோலை மை காட்டிக் கொடுத்தது. பொய்யன் எத்துணைத் திறவோனாயினும் தன் காலத்தை எங்கேனும் சிந்திவிட்டே போகின்றான்.

எவர் படித்தாலும் அவர் பாட்டன்

மாசச்சூசெட்சு மாநிலத்தில் தாண்டன் ஆற்றங்கரையில் தைட்டன் பாறை என்று ஒன்றுண்டு. அதன் முகத்தில் கோடுகளும் உருவங்களும் நிறைந்துள்ளன. 1680-இல் ஒருவர் அவற்றைப் படியெடுத்தார். அன்று தொடங்கியது திருவிழா. ஒருவர் அதனைப் பினீசிய எழுத்தென்று படித்தார். 1837-இல் தென்மார்க்கு நாட்டு இராபன் என்பார் வைக்கிங்கர் எழுத்தென்று படித்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெலபார் என்பார் போர்த்துகீசியக் கடலோடி மிகுவெல் கோர்த்தெ இரெயாலின் பெயரும் 1511 என்னும் ஆண்டும் இருப்பதாகப் படித்தார். கண்ணாடிமுன் நிற்பவன் தன் முகத்தையே காண்பதுபோல், பாறைமுன் நின்றவரெல்லாம் தத்தம் விருப்பத்தையே கண்டனர். 1789-இல் ஆர்வார்டு கல்லூரியில் அதன் படியொன்றைக் கண்ட சியார்சு வாசிங்டன் சிரித்துவிட்டு, இத்தகைய கீறல்களை மண்ணின் மக்கள் செய்வதைத் தாம் வர்சீனியாவில் கண்டதுண்டு என்றார் எனக் குறித்துள்ளனர். மண்ணின் மக்களும் எழுதக்கூடும், வரையக்கூடும் என்னும் எளிய உண்மை மட்டும் வேட்டைக்காரர் பலர் நெஞ்சில் நுழையவில்லை.

வேல்சு நாட்டார் கதையோ இரங்கத் தக்கது. 1170-ஆம் ஆண்டளவில் மடோக்கு என்னும் இளவரசன் மேற்கே கடல் கடந்தான், அவன் வழியினர் அமெரிக்க உள்நாட்டில் வேல்சு மொழி பேசி வாழ்கின்றனர் என்பது அவர்தம் பழங்கதை. தம் மொழியைப் பேசுவோர் உலகின் மறுகோடியில் உள்ளனர் என்று கேட்டால் எந்த மொழிப்பற்றாளனுக்குத்தான் குருதி சூடேறாது? சான் எவான்சு என்னும் இளைஞர் 1792-இல் புறப்பட்டார். சிறைப்பட்டும் நோயுற்றும் மிசௌரி ஆற்றின் வழி மேலேறி, 1796-இல் மண்டான் மக்களின் ஊர்களை அடைந்து, பனிக்காலம் முழுவதும் அவர்களிடையே தங்கினார். 1797-இல் அவர் எழுதிய முடிவு: வேல்சு பேசும் இந்தியர் எவரும் இல்லை! 1799-இல் நியூ ஓர்லியன்சில் அவ்விளைஞர் மாண்டார். தம் மக்கள் கேட்க விரும்பியதைச் சொல்லாது, தாம் கண்டதையே சொன்ன அவர் நேர்மைக்குத் தலை வணங்கல் தகும். ஆனால் வேட்டை நின்றதா? நிற்கவில்லை. 1832-இல் அம்மக்களிடையே தங்கிய ஓவியர் சார்சு கேட்லின், அவர்தம் தோல் ஓடம் வேல்சு ஓடம் போன்றதே என்று கூறி அப்பழங்கதைக்கு மீண்டும் உயிரூட்டினார். 1953-இல் அலபாமாவின் மொபைல் வளைகுடாக் கரையில் மடோக்கு வந்திறங்கியதாகப் பெயர்ப்பலகையே நாட்டினர். பின்னாளில் அஃது அகற்றப்பட்டது.

ஆரவாரமற்ற மெய்

இனி, இவ்வேட்டையில் மெய்யாகவே கிட்டியது என்ன? 1960-இல் நோர்வே நாட்டு எல்கே இங்சுதாது என்பார் நியூபவுண்டுலாந்துத் தீவின் வடமுனையில் உள்ள இலான்சு ஓ மெடோசு என்னும் சிற்றூருக்கு வந்தார். பழைய இடிபாடுகள் உண்டா என்று கேட்டார். அவ்வூரார் சியார்சு தெக்கர் என்பவர் புல் மூடிய மேடுகளைக் காட்டினார். அறிஞர் அறியாததை ஊரார் நெடுநாளாக அறிந்திருந்தனர்! மறு ஆண்டு முதல் இங்சுதாதின் துணைவியாரும் தொல்பொருளறிஞருமாகிய அன்னெ இசுதீனெ அம்மையார் தலைமையில் அகழ்ந்தனர். வைக்கிங்கர் வீடுகளின் அடித்தளம், இரும்பு உருக்கிய இடம், வெண்கல ஊசி, நூல் நூற்கும் தக்களியின் கல்வில்லை ஆகியன வெளிப்பட்டன. 1978-இல் அது உலக மரபிடமாக அறிவிக்கப்பெற்றது. 2021-இல் வெளிவந்த ஆய்வு, அங்குக் கிடைத்த மரத்துண்டுகளில் கி.பி. 993-ஆம் ஆண்டின் கதிரவப் புயல் விட்டுச்சென்ற தடத்தைக் கண்டு, அதிலிருந்து ஆண்டு வளையங்களை எண்ணி, அம்மரங்கள் வெட்டப்பட்ட ஆண்டு 1021 என்று உறுதி செய்தது. கொலம்பசுக்கு 471 ஆண்டுகள் முன்பு!

நோக்குக: மெய்யான சான்று எத்துணை எளியது! 'யாமே கண்டோம்' என்று முழங்கும் கல்வெட்டு அங்கில்லை. பொறித்த கேடயமும் இல்லை. நூல் நூற்ற கை தவறவிட்ட ஒரு சிறு வில்லை. வெட்டிப் போட்ட மரத்துண்டு. மெய் தன்னைத்தானே விளம்பரப்படுத்திக் கொள்வதில்லை.

ஆயினும் வைக்கிங்கரும் 'முதல்வர்' அல்லர். அங்கே முன்பே வாழ்ந்த மக்களோடு பொருது, நிலைக்கவியலாது திரும்பியதாக அவர்தம் பழங்கதைகளே கூறுகின்றன. நியூ மெக்சிகோவின் வெண்மணற் பரப்பில் உள்ள மாந்தர் காலடிச் சுவடுகள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2021-இல் ஆய்வாளர் அறிவித்தனர். ஈரமண்ணில் பதிந்த சிறுவர் காலடிகளும் அவற்றுள் உண்டு. பட்டம் யாருக்காவது உரியதாயின், பெயர் தெரியாத அச்சிறுவர்க்கே உரியது.

கண்டு, பிடித்தல்

பெருமக்களே! தமிழ்ச்சொல்லின் நுட்பத்தை ஈண்டு உன்னுதல் வேண்டும். 'கண்டுபிடித்தல்' என்பது இரு வினைகள் கூடிய சொல்: காணல் ஒன்று, பிடித்தல் ஒன்று. வைக்கிங்கர் கண்டனர், பிடிக்க இயலவில்லை. கொலம்பசும் அவர்வழி வந்தோரும் கண்டனர், பிடித்தனர். பிடிபட்டவர்க்கு என்னாயிற்று?

வைக்கிங்கர் வீடு கிடைத்த அதே தீவை எண்ணுக. நியூபவுண்டுலாந்து என்னும் பெயரின் பொருளே 'புதிதாய்க் கண்ட நிலம்' என்பதுதான். அப்'புதிய' நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்தவர் பியோதக்கு மக்கள். செம்மண் பூசிக்கொள்ளும் வழக்கம் உடையவர். வெள்ளையர் கண்ணுக்கு அவர் 'செவ்விந்தியர்'. ஐரோப்பியக் குடியேறிகள் கடற்கரைகளைப் பற்றிக்கொள்ள, மீனும் உணவும் கிட்டாது அவர்கள் உட்காட்டுக்குள் ஒதுங்கினர். பசியும் நோயும் துமுக்கியும் அவர்களை அழித்தன. 1823-இல் சனாதிதித்து என்னும் பெண் தாயோடும் உடன்பிறந்தாளோடும் பிடிபட்டாள். மற்ற இருவரும் விரைவில் என்புருக்கி நோயால் இறந்தனர். அவளுக்கு 'நான்சி' என்று பெயரை மாற்றி, ஒரு குடியேறியின் வீட்டில் வேலைக்கு வைத்தனர். 1828-இல் கார்மாக்கு என்பார் அவளை அழைத்துவந்து, அவள் மொழியின் சொற்களைக் கேட்டு எழுதினார். தன் மக்கள் வாழ்ந்த இடங்களையும் மடிந்த இடங்களையும் அவள் தாளில் வரைந்து காட்டினாள். 1829 சூன் 6-இல் அவளும் என்புருக்கி நோயால் இறந்தாள். பியோதக்கருள் கடைசியாக அறியப்பட்டவள் அவளே.

யேல் காத்த தோற்படம் பொய்யான படம். அதற்காக உலகமே அரைநூற்றாண்டு வழக்காடிற்று. சனாதிதித்து வரைந்தவையோ மெய்யான படங்கள். அவற்றைப் பற்றிக் கேட்டறிந்தவர் எத்துணைப் பேர்?

மண்டான் மக்களிடம் வருக. அவர்கள் வாயில் வேல்சு மொழி உள்ளதா என்று ஆளாளுக்குக் காது கொடுத்துக் கேட்டனர். அவர்கள் வாயில் இருந்த மண்டான் மொழியைப் பேணக் கேட்டவர் சிலரே. 1837-இல் வணிகக் கப்பலொன்றின் வழியே வந்த பெரியம்மை, ஏறத்தாழ 1,600 பேரில் 150 பேர் அளவினரையே எஞ்சவிட்டது. தாய்மொழியாக மண்டானைத் தடுமாறாது பேசவல்ல கடைசி முதியவராகிய எட்வின் பென்சன் 2016-இல் மறைந்தார். கற்பனையில் இருந்த மொழியைத் தேடியவர் கூட்டத்தின் நடுவே, உண்மையில் இருந்த மொழி ஓய்ந்துபோயிற்று.

தைனோ மக்கள் நிலையும் அதுவே. வந்தவரின் கொடுமையும் அடிமைவேலையும் நோயும் சில பத்தாண்டுகளில் அவர்களைச் சிதறடித்தன. அரபு பேசி வந்தவர்க்கு உணவளித்த அம்மக்களின் மொழியில் எஞ்சியவை, ஐரோப்பியர் கடன் கொண்ட சில சொற்களே. 'கனோவா' என்னும் ஓடம், 'அமாக்கா' என்னும் தொங்கு படுக்கை, 'உராக்கான்' என்னும் சூறைக்காற்று ஆகியன அவற்றுட் சில. நிலத்தைப் பிடித்தவர், சொல்லை மட்டும் விட்டுவைத்தனர்.

ஆனால் துயரத்தோடு முடிவதன்று இக்கதை. தைட்டன் பாறை நிற்கும் நிலம் வாம்பனோவாகு மக்களுடையது. அப்பாறையில் பினீசியரைத் தேடினர், வைக்கிங்கரைத் தேடினர், போர்த்துகீசியரைத் தேடினர். வாம்பனோவாகு மொழியோ நூறாண்டுக்கு மேலாகப் பேசுவாரின்றி உறங்கிக் கிடந்தது. அம்மக்களுள் ஒருவராகிய செசி இலிட்டில் தோ பேர்டு அம்மையார் 1993-இல் ஓர் இயக்கம் தொடங்கினார். மொழியியல் கற்றார். 1663-இல் அம்மொழியில் அச்சிடப்பெற்ற கிறித்தவ மறைநூலையும், அம்மக்களே எழுதிவைத்த பழைய ஆவணங்களையும் துணைக்கொண்டு சொல் சொல்லாக மீட்டார். தம் மகளை அம்மொழி பேசியே வளர்த்தார். நூறாண்டுக்கு மேற்பட்ட உறக்கத்திலிருந்து ஒரு மொழி குழந்தையின் வாயில் கண்விழித்தது. இவ்வேட்டை முழுவதிலும் உண்மையான புதையல் எடுத்தவர் ஒருவர் உண்டெனில், அவர் இவ்வம்மையாரே!

மணியின் பாடம்

இவ்வேட்டையில் தமிழர்க்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்கக்கூடும். வேலை உண்டு. நியூசிலாந்தில் 1836-ஆம் ஆண்டளவில் வில்லியம் கோலன்சோ என்னும் கிறித்தவ ஊழியர், மவோரி மக்கள் கிழங்கு வேகவைக்கும் ஏனமாகப் பயன்படுத்திய வெண்கல மணியொன்றின் மேற்பகுதியைக் கண்டார். புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று அவர்கள் கூறினராம். மணியைச் சுற்றித் தமிழெழுத்து! இன்று அது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இம்மணியைக் கையிலேந்தி, 'நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவன் தமிழனே' என்று முழங்குவோர் உளர். மரவேரில் கிடைத்த கல்லைத் தூக்கிக்கொண்டு மின்னெசோட்டாவில் முழங்கினாரே, அவர்க்கும் இவர்க்கும் வேற்றுமை என்ன? மணி கூறுவது என்ன என்று மணியையே கேட்டல் வேண்டும். முகையதீன் பக்சு என்பாருடைய கப்பலின் மணி என்று மட்டுமே அது கூறுகின்றது. எவர் கொண்டுவந்தார், எந்நாளில் வந்தது என்று அது கூறவில்லை. அது கூறாததை அதன் வாயில் திணிப்பது, தைட்டன் பாறையைப் படித்தவர் செய்த வேலையே ஆகும்.

தமிழர்க்குப் பொய்ச்சான்று எதற்கு? எகிப்தின் குசேர் அல் கதீம் துறைமுகத்தில் 'பானை ஒறி' என்று தமிழ் பொறித்த பானையோடு கிடைத்துள்ளது. தாய்லாந்தில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பொறித்த உரைகல் கிடைத்துள்ளது. பொன்னை உரைத்துப் பார்த்த கல் அது. பட்டம் கேட்டு எழுதியவை அல்ல இவை. தம் தொழிலைத் தம் மொழியில் செய்தவர் விட்டுச்சென்றவை. ஒரு பொய்யை நூறு மெய்யோடு சேர்த்து வைத்தால், மாற்றான் அப்பொய்யை மட்டும் எடுத்துக்காட்டி நூறு மெய்யையும் எள்ளி நகையாடுவான். பொய் சொல்லித் தமிழை உயர்த்த முயல்வோன், தமிழின் மெய்ப் பெருமைக்கே பகைவன் ஆகின்றான்.

அம்மணியில் மெய்யான பெருமை ஒன்று உண்டு. அதனைக் காணக் கடல் தாண்ட வேண்டா. கப்பலோட்டிய ஒருவர், உலகக் கடலில் ஒலிக்கவேண்டிய தம் கப்பலின் மணியில் எழுத எந்த மொழியைத் தெரிந்தெடுத்தார்? தமிழை! 'கப்பல்', 'உடைய', 'மணி' என்று எழுதினார். வேற்றார் படிப்பரோ மாட்டாரோ என்று அஞ்சவில்லை. இன்று தன் தெருவில், தன் கடையின் முகப்பில், தன் குழந்தையின் பெயரில், தன் திருமண அழைப்பில் தமிழ் எழுத அஞ்சும் தமிழர் எத்துணைப் பேர்! ஆழ்கடலில் தமிழ் எழுதிய அக்கப்பலுடையவர் முன் அவர்கள் தலை நிமிர்ந்து நிற்க இயலுமா?

எக்கண்டத்தை எவர் முதலிற் கண்டார் என்பது வீண் வழக்கு. காண்பதற்கு முன்பே அங்கு மக்கள் இருந்தனர், அவர்தம் நாவில் ஒரு மொழி இருந்தது. சனாதிதித்துவின் மொழி எழுதப்பட்ட சில நூறு சொற்களில் அடங்கிப்போயிற்று. வாம்பனோவாகு மொழி ஒரு தாயின் உறுதியால் மீண்டெழுந்தது. தமிழோ பல கோடி நாவில் இன்றும் உயிரோடிருக்கின்றது. பிற மக்கள் இழந்தபின் தேடி அலையும் புதையல், தமிழர் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கின்றது. வேலி தாண்டிக் குதிப்பவனின் கூச்சலைக் கேட்டு மயங்காது, திண்ணைக் கிழவரின் சொல்லைக் கேட்டு எழுதிவைப்போரும், அச்சொல்லைத் தம் குழந்தைக்குச் சொல்லித் தருவோருமே உண்மையில் கண்டவராவர். அவர்க்குப் பட்டம் வேண்டா; அவர் காத்த மொழியே அவர்க்குச் சான்று.